உண்மைக்குச் சாட்சி நின்ற எழுதுகோல்

எழுதுகோல் ஏந்துவோர் பலர். எழுதியதன் பொருட்டு உடைமையையும் ஊரையும் இழந்தோர் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியாகிய ஐடா பி. வெல்ஸ். புலனாய்வு இதழியல் என்று இன்று நாம் பயிலும் துறைக்கு அடித்தளமிட்டோருள் ஒருவரான அவர்தம் வாழ்வினை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

ஐடா 1862ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்து ஹோலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு மகளாகப் பிறந்தார். 1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாய் தந்தையரையும் கைக்குழந்தையாயிருந்த தம்பியையும் கொண்டுசென்றது. அப்போது 16 வயதினராயிருந்த ஐடா, உடன்பிறந்தோர் பிரிந்து சிதறாவண்ணம் ஆசிரியப் பணியேற்றுக் குடும்பத்தைக் காத்தார்.

பின்னர் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் குடியேறினார். உரிய பயணச்சீட்டு இருந்தும் இரயிலின் மகளிர் பெட்டியினின்று வலிந்து வெளியேற்றப்பட்டபோது வழக்குத் தொடுத்தார். 1884இல் 500 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயிற்று. 1887இல் மாநில உச்சநீதிமன்றம் அதனை மாற்றிவிட்டது. நீதிமன்றம் கைவிட்ட நிலையில் அவர் இதழையே துணையாகப் பற்றினார். 1889இல் மெம்பிஸ் நகர இதழ் ஒன்றின் பங்குதாரரும் ஆசிரியருமானார். கறுப்பினச் சிறார் பள்ளிகளின் இழிநிலையை அதில் எழுதியமையால் 1891இல் ஆசிரியப் பணியை இழந்தார்.

1892 மார்ச்சுத் திங்களில் மளிகைக்கடை நடத்தி வந்த கறுப்பினத்தார் மூவரைச் சிறையினின்று இழுத்துச் சென்று ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவர்களுள் தாமஸ் மாஸ் ஐடாவின் நெருங்கிய நண்பர். வெள்ளையர் கடைக்குப் போட்டியாக வளர்ந்ததே அக்கடையின்மீது பகை மூண்டதற்குக் காரணம். கும்பலால் கொல்லப்படுவோர் பெண்டிர் மானத்தைக் கெடுத்தவர்கள் என்பதே அந்நாளில் பரப்பப்பட்ட கருத்து. ஐடா அதனை அப்படியே ஏற்றாரல்லர். கொலை நிகழ்ந்த ஊர்களுக்குச் சென்றார், கண்டோரை வினவினார், இறந்தோர் பெயர், நாள், சாட்டப்பட்ட குற்றம் ஆகியவற்றைத் தொகுத்தார். பெரும்பாலான கொலைகளில் அக்குற்றச்சாட்டே எழவில்லை என்பது தெளிவாயிற்று. எவரும் மறுக்கவியலாதபடி வெள்ளையர் நடத்திய ஏடுகளின் செய்திகளையே சான்றாகக் கொண்டமை அவர்தம் நுண்ணறிவுக்குச் சான்று.

அவ்வாண்டு மே திங்களில், அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில், அச்சகம் அழிக்கப்பட்டது. திரும்பின் உயிர் தப்பாது என்ற எச்சரிக்கையும் வந்தது. ஆயினும் நியூயார்க்கிலிருந்து எழுதினார். 1893, 1894 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டனுக்குச் சென்று மக்கள் மன்றத்தில் உண்மையை எடுத்துரைத்தார். 1895இல் ஆண்டு வாரியான கணக்குடன் ‘சிவப்புப் பதிவேடு’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். அவ்வாண்டே மணமுடித்துச் சிகாகோவில் வாழ்ந்த அவர், 1931 மார்ச்சு 25ஆம் நாள் மறைந்தார்.

அமெரிக்க எழுத்துலகின் உயரிய சிறப்பான புலிட்சர் பரிசு 1917 முதல் வழங்கப்பட்டு வருகிறது. வாழ்நாளில் அது ஐடாவை எட்டவில்லை. மறைந்து 89 ஆண்டுகள் கழிந்தபின், 2020இல், புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டு வழங்கியது. அவர் கோரிய கும்பல் கொலைத் தடைச் சட்டத்தை அமெரிக்க நடுவணரசு 2022இல்தான் இயற்றியது.

விருது காலந்தாழ்ந்தே வந்தது. எனினும் உண்மை உரிய காலத்தில் எழுதப்பட்டிருந்தது. நீதிக்குச் சாட்சி பகர்தலைக் கடமையெனக் கொண்ட நாம், ஊரார் சொல்லை ஆராயாது ஏற்றலும், கண்டதைக் கூறாது மறைத்தலும் தவறென்று இவ்வாழ்விலிருந்து கற்போமாக. நம் மாணவச் செல்வங்கள் எழுதுகோலை எடுக்குமுன் சென்று கண்டு, கேட்டு, சரிபார்த்து எழுதும் வழக்கத்தை மேற்கொள்வராயின், அதுவே அப்பெருமாட்டிக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.