கிரீடத்தை அடகு வைத்த மன்னர்

நானாவிடம் சதுரங்கம் பழகிய நாட்களில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. யுத்தம் நடக்கும் பலகையில் பிஷப்புக்கு என்ன வேலை? நானாவுக்கும் தெரியவில்லை. பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது, அந்தக் காய் ஆதியில் யானை. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் போய், அரபியரிடம் ஷத்ரஞ்ச் ஆயிற்று. யானையை அவர்கள் அல்-ஃபீல் என்றார்கள். நாம் சிறுவயதில் மனனம் செய்த சூறாவின் அதே ஃபீல்! ஸ்பானிய மொழியில் இன்றும் அந்தக் காயின் பெயர் அல்ஃபில்தான். இந்தச் சொல்லின் பின்னால் போய்த்தான் பத்தாம் அல்போன்சோவைக் கண்டேன்.

அவர் 1221 இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் பிறந்தார். இளவரசராக இருந்தபோதே, 1251 இல், கலீலா வ திம்னா என்ற அரபு நூலைத் தன் நாட்டு மொழிக்குப் பெயர்க்கச் செய்தார். நாம் பஞ்சதந்திரக் கதைகள் என்று படித்தவற்றின் அரபு வடிவம் அது. மறுவருடம் காஸ்தீலின் மன்னரானார். யூத அறிஞர்களையும் அரபு தெரிந்தவர்களையும் கூட்டி வைத்து வானியல், சட்டம், வரலாறு என்று நூல்களை எழுதுவித்தார்.

ஆனாலும் அவரை முழு மனதோடு புகழ என்னால் முடியவில்லை. 1264 இல் அவருடைய ஆட்சியில் இருந்த முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதை அடக்கிய பின், பல ஊர்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் விரட்டப்பட்டு கிரனாடாவுக்குப் போனார்கள். அரபு நூல்கள் வேண்டும், அந்த மொழியைப் பேசியவர்கள் வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்?

காலம் அவரையும் விட்டு வைக்கவில்லை. 1275 இல் மூத்த மகன் இறந்தார். அடுத்த வாரிசு இரண்டாம் மகன் சாஞ்சோவா, இறந்தவரின் பிள்ளையா என்ற பிணக்கு வளர்ந்து, 1282 இல் சாஞ்சோ தகப்பனின் அதிகாரத்தையே பறித்துக்கொண்டார். பிரபுக்களில் பெரும்பாலோர் மகன் பக்கம் போனார்கள். அவரைக் கைவிடாத சில நகரங்களில் ஒன்று, அரபியர் இஷ்பீலியா என்றழைத்த செவில். நோயாளியான மன்னர் அங்கே இருந்துகொண்டு, மொரோக்கோவின் மரீனிய சுல்தான் அபூ யூசுஃபிடம் தன் கிரீடத்தை அடகு வைத்துப் பணம் பெற்றார். முஸ்லிம்களை விரட்டியவருக்குக் கை கொடுத்தவர் ஒரு முஸ்லிம் சுல்தான்!

அந்தச் செவிலில்தான், 1283 இல், சதுரங்கம் முதலிய விளையாட்டுகள் பற்றிய அவருடைய நூல் முடிந்தது. 98 ஏடுகள், ஏறத்தாழ 150 வர்ணப் படங்கள், 103 சதுரங்கப் புதிர்கள். புதிர்களில் பெரும்பாலானவை அரபியரிடமிருந்து வந்தவை. ஸ்பெயினுக்குச் சதுரங்கத்தைக் கொண்டுவந்தவர் அவர் அல்லர், முஸ்லிம்கள் மூலம் அது முன்னரே வந்துவிட்டது. அவர் செய்தது, அரபியரின் ஆட்டத்தை ஐரோப்பிய மொழி ஒன்றில் விளக்கமாக எழுதி வைத்தது. அந்த ஆட்டத்தில் இன்றைய ராணி இல்லை. ராஜாவின் அருகில் நிற்பவர் மந்திரி, அவர் மூலைவாக்கில் ஒரு கட்டம்தான் நகர்வார். யானை இரண்டாம் கட்டத்துக்குப் பாயும்.

முன்னுரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள் யாருக்கு உதவும் என்று அதில் சொல்கிறார். குதிரையேறாமல் வீட்டோடு இருக்கும் பெண்கள், முதியோர், பலவீனர், சிறைப்பட்டவர், கடற்பயணிகள். முதுமையும் பலவீனமும் அப்போது அவருக்கே வந்திருந்தன. மகனின் ஆட்களுக்கு நடுவே ஒரு நகரத்துக்குள் ஒடுங்கியிருந்தவர், தன்னை நினைத்துத்தான் அந்த வரிசையை எழுதுவித்தாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பெண்கள் எதிரெதிரே அமர்ந்து ஆடும் படங்களும் அந்நூலில் உண்டு. இன்னொரு படத்தில் ஒரு கூடாரம். உள்ளே ஒரு முஸ்லிமும் ஒரு கிறிஸ்தவரும் பலகைக்கு இருபுறமும் அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள்.

நூல் முடிந்த மறு வருடம், 1284 ஏப்ரலில், அல்போன்சோ செவிலிலேயே இறந்தார். சாஞ்சோ மன்னரானார். நூல் இப்போது ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகத்தில் இருக்கிறது.