ரெயிலுக்குப் பல் கட்டியவர்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் 'வெண்ணெய்ப் பந்து' பாறையைப் பார்க்காமல் திரும்புவது இல்லை. அது நிற்கும் சரிவான பாறையில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். இறங்குவது சுலபம். அதே சரிவில் ஏறிப் பாருங்கள். கால் வழுக்கும்!

ஆனால் அதே குன்றில் படி வெட்டிய இடங்களும் உண்டு. அங்கே வயதான பாட்டிமார் கூட நிதானமாக ஏறிவிடுவார்கள். பாறை ஒன்றுதான். படி இருந்தால் ஏறலாம். படி இல்லாவிட்டால் வழுக்கும்.

ரெயில் விஷயமும் இப்படித்தான். செங்கற்பட்டில் கொளவாய் ஏரி ஓரமாக ஓடும் ரெயிலுக்குக் கவலை இல்லை. அங்கே தரை ஏறக்குறைய சமம். மலை மேல் ஏற வேண்டும் என்றால் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுக்கும். என்ஜின் எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்.

அந்த இரும்புப் பாதைக்குப் படி கட்டியவர்களில் முதன்மையானவர் நிக்லவுஸ் ரிக்கன்பாக். சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர். ஊட்டிக்கு ரெயில் விடுவதற்காக நீலகிரிக்கே வந்து பார்த்தவர் அவர்.

தந்தையை இழந்த சிறுவன்

ரிக்கன்பாக் 1817-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர், பிரான்சின் அல்சேஸ் பகுதியில் உள்ள கெப்வைலர். தந்தை அங்கே கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை நடத்தி வந்தார்.

சிறுவனுக்குப் பத்து வயது இருக்கும்போது தந்தை இறந்துவிட்டார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்றார். பெரிய குடும்பம். சம்பாதிக்க ஆள் இல்லை.

நிக்லவுஸ் பட்டறையில் சேர்ந்து தொழில் பழகினார். கல்லூரிப் படிப்புக்கு வழி இல்லை. இரும்பும் சம்மட்டியும்தான் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன.

பகலில் வேலை, இரவில் படிப்பு

இருபதாவது வயதில் பாரிஸ் சென்றார். பகலில் பட்டறையில் உழைத்தார். மாலையில் இலவசப் பாட வகுப்புகளுக்குப் போய்க் கணிதமும் இயந்திர நூலும் கற்றார்.

அப்போது பாரிசுக்கு அருகில் ரெயில் ஓடத் தொடங்கி இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவர் மனம் வேறு எதிலும் செல்லவில்லை. இனி ரெயில் என்ஜின்தான் தம் தொழில் என்று முடிவு செய்தார்.

1840-ல் ஜெர்மனியில் உள்ள கார்ல்ஸ்ரூஹே நகருக்குச் சென்று, கெஸ்லர் என்பவரின் என்ஜின் தொழிற்சாலையில் சேர்ந்தார். தொழிலாளியாகச் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் பொறுப்பான பதவிக்கு உயர்ந்தார். 1847-ல் சுவிட்சர்லாந்தின் முதல் ரெயில் பாதை சூரிச் நகருக்கும் பாடன் நகருக்கும் இடையே திறக்கப்பட்டது. அதில் ஓடிய 'லிம்மாட்' என்ஜின் அந்தத் தொழிற்சாலையில் உருவானதுதான்.

1853-ல் சுவிஸ் மத்திய ரெயில்வே அவரை அழைத்து, பட்டறைத் தலைவர் ஆக்கியது. பிறகு ஓல்டன் என்ற ஊரில் அமைந்த பெரிய ரெயில்வே பட்டறை அவர் பொறுப்பில் வளர்ந்தது.

மணல் தூவியும் பயன் இல்லை

ஓல்டனுக்கு அருகே ஹாவன்ஸ்டைன் என்று ஒரு மலைப் பகுதி. அதன் வழியாகப் போன ரெயில் பாதையில், ஆயிரம் அடி தூரத்துக்கு 26 அடி ஏற்றம். கேட்பதற்கு இது சிறிய ஏற்றம்தான். ஆனால் சரக்கு வண்டிகளை இழுத்து வரும் என்ஜினுக்கு இதுவே மலையாக இருந்தது. சக்கரங்கள் வழுக்கின.

தண்டவாளத்தில் மணல் தூவினார்கள். ஓரளவுதான் பலன் கிடைத்தது. என்ஜினை இன்னும் கனமாகச் செய்தால் என்ன? கனத்தைக் கூட்டினால், அந்தக் கனத்தையும் சேர்த்தல்லவா மேலே இழுக்க வேண்டும்!

ரிக்கன்பாக் வேறு விதமாக யோசித்தார். மனிதன் சுவரில் ஏற ஏணி வைக்கிறான். ரெயிலுக்கும் ஒரு ஏணி வைத்தால் என்ன?

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஓர் இரும்பு ஏணியைப் படுக்க வைத்தார். என்ஜினின் அடியில் ஒரு பல் சக்கரத்தைப் பொருத்தினார். சக்கரத்தின் பற்கள் ஏணியின் படிகளில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு சுற்றும். பல் பிடித்த பிடியை விடாது. வழுக்குவதற்கு இடமே இல்லை.

1863-ல் பிரான்சில் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் காப்புரிமைப் பத்திரம் கையில் இருந்தால் போதுமா? ரெயில் ஓட வேண்டுமே! பணம் போடுவதற்கு ஆள் முன்வரவில்லை. ஆண்டுகள் ஓடின.

இதற்கிடையே அமெரிக்காவில் சில்வெஸ்டர் மார்ஷ் என்பவரும் இதே வழியில் யோசித்து, 1869-ல் வாஷிங்டன் மலை உச்சிக்குப் பல் சக்கர ரெயில் விட்டுவிட்டார். காரியம் நடக்கக் கூடியதுதான் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

பிறந்த நாளில் ஏறிய ரெயில்

சுவிட்சர்லாந்தில் ரிகி என்று ஓர் அழகிய மலை. அதன் உச்சியிலிருந்து சூரிய உதயம் காண ஏராளமான மக்கள் வருவார்கள். நடக்க முடியாதவர்கள் குதிரையில் ஏறிப் போவார்கள். சிலரை ஆட்கள் நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்து செல்வார்கள்.

அந்த மலைக்கு ரெயில் விட ரிக்கன்பாக்கும், நேஃப், சோக்கே என்ற இரண்டு என்ஜினீயர்களும் கூட்டாக அனுமதி பெற்றார்கள். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. அதனால் வேலை தாமதப்பட்டது.

1871 மே 21-ந் தேதி விட்ஸ்னாவ் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து ரெயில் ரிகி மலை மீது ஏறிற்று. ஐரோப்பாவின் முதல் மலை ரெயில் அதுதான். அன்று ரிக்கன்பாக்குக்கு 54-வது பிறந்த நாள்!

அந்தப் பாதையின் கடும் ஏற்றத்தில், நான்கு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். என்ஜின் முன்னால் நின்று இழுக்காது. கீழே நின்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. அதற்கும் அவர் வழி கண்டார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால், உள்ளே இருக்கும் காற்று கையை எதிர்த்துத் தள்ளும் அல்லவா? அதுபோல, இறங்கும்போது என்ஜினின் சிலிண்டருக்குள் காற்று அமுங்கி, வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி செய்தார். இந்தப் பிரேக்குக்கு அவர் பெயரே நிலைத்தது.

பிறகு பல நாடுகள் அவரது முறையைத் தேடி வந்தன. வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் 1874-ல் குன்றுகள் மீது ரெயில் ஏறிற்று. பிரேசில் நாட்டுக்கும் அவரது ஏணிப் பாதை சென்றது.

நீலகிரிக்கு வந்தார்

ஊட்டிக்கு ரெயில் விட வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே எழுந்தது. ஆனால் மலையைப் பார்த்து எல்லோரும் மலைத்து நின்றார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்ல மாட்டு வண்டி, குதிரை, ஆட்கள் சுமக்கும் மஞ்சல் ஆகியவைதான் அப்போது வழி.

ரிகி மலையின் புகழ் சென்னை வரை எட்டியது. 1880-களின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று ரிக்கன்பாக் கடல் கடந்து வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மலையைப் பார்வையிட்டு, ரிகியைப் போல இங்கும் ரெயில் விடலாம் என்று திட்டமும் மதிப்பீடும் கொடுத்தார்.

1882-ல் 'நீலகிரி ரிகி ரெயில்வே' என்ற பெயரிலேயே கம்பெனி ஒன்று தொடங்கினார்கள். ஆனால் போட்ட பணம் திரும்பி வருமா என்று பலரும் தயங்கினார்கள். வேலை நடக்கவில்லை. 1885-ல் 25 லட்சம் ரூபாய் மூலதனத்தில் புதிய கம்பெனி ஏற்பட்டது. 1891-ல் சென்னை கவர்னர் வென்லாக் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடங்கி வைத்தார். 1894-ல் அந்தக் கம்பெனியும் பணம் இல்லாமல் மூடப்பட்டது. மூன்றாவதாக ஒரு கம்பெனி வந்துதான் வேலையை முடித்தது.

குருவை மிஞ்சிய சீடர்

இதற்குள் இன்னொரு மாறுதல் நிகழ்ந்தது. ஓல்டன் பட்டறையில் ரிக்கன்பாக்கிடம் தொழில் கற்றவர் ரோமன் ஆப்ட். 1850-ல் பிறந்தவர். குருவின் ஏணிப் பாதையில் உள்ள குறைகளை அவர் அருகில் இருந்தே பார்த்திருந்தார். ஏணிச் சட்டம் கனமானது, செலவும் அதிகம். ஒரு படி பழுதானால் அதை மாற்றுவதும் கடினம்.

ஆப்ட் ஏணியை எடுத்துவிட்டார். அதன் இடத்தில், ரம்பம் போலப் பல் வெட்டிய எஃகுச் சட்டங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தினார். ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்தில், அடுத்த சட்டத்தில் பள்ளம் இருக்கும். ஆகவே எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். குலுக்கல் குறைவு. செலவும் குறைவு. 1882-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

நீலகிரி ரெயிலுக்குக் கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்டது சீடரின் முறைதான். மலையைப் பார்த்து, முடியும் என்று சொன்னவர் குரு. அந்த மலையில் பதிந்தது சீடரின் பல்!

ஆனால் இரும்புப் பாதைக்குப் பல் வேண்டும் என்று குரு நிலைநாட்டி இராவிட்டால், சீடர் எதைத் திருத்தி இருப்பார்?

நாற்பது நாள்

1899-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரெயில் ஓடத் தொடங்கியது.

சரியாக நாற்பதாம் நாள், ஜூலை 25-ந் தேதி, ஓல்டன் நகரில் ரிக்கன்பாக் காலமானார். வயது 82. அவர் திட்டம் போட்ட நீலகிரிக்கு ரெயில் ஏறிய பிறகுதான் அவர் கண் மூடினார்.

ரெயில் ஊட்டியைத் தொட்டது 1908 அக்டோபர் மாதம். 46 கிலோமீட்டர் பாதை. 16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள். கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் புறப்படும் ரெயில் 2,203 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேருகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

செங்கற்பட்டிலிருந்து ஊட்டிக்குப் போகும் குடும்பங்கள், சென்னை சென்டிரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை ரெயிலில் மாறிக்கொள்ளலாம். கல்லாறு வரை சாதாரண ஓட்டம். அதற்கு மேல் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பற்சட்டம் உண்டு. என்ஜின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு ஏறும்.

வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும். பிள்ளைகளை இறக்கி, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு இரண்டு பல் சட்டங்கள் தெரியும்.

இன்று அந்தப் பல் சக்கர என்ஜின்களைத் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையிலேயே நம் தொழிலாளர்கள் செய்கிறார்கள். பட்டறைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய ரிக்கன்பாக்கின் வேலை, பட்டறைத் தொழிலாளர் கையிலேயே தொடர்ந்து நடக்கிறது.