நிக்கோலா தெஸ்லா

நிக்கோலா தெஸ்லா (சூலை 10, 1856 – சனவரி 7, 1943) செர்பிய இனத்தைச் சேர்ந்த அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் மின்பொறியியலாளரும் ஆவார். மாறுமின்னோட்ட முறை பரவ இவரது பணி முதன்மைக் காரணங்களுள் ஒன்று. தேனி மாவட்டத்தில் கம்பம் கணவாய்க் காற்றை நம்பி நிறுவப்பட்ட காற்றாலைகள் பலவற்றில் உள்ள தூண்டல் மின்னாக்கிகள், இவர் 1888இல் தூண்டல் மின்னோடிக்குக் காப்புரிமை பெற்ற அதே தத்துவத்தில் இயங்குபவை.

வாழ்க்கை

இன்றைய குரோவாசியாவிலுள்ள சிமிலியான் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆசுத்திரியாவின் கிராத்சு நகரில் பயின்றார், பட்டம் பெறவில்லை. 1884இல் நியூயார்க் சென்று எடிசனின் நிறுவனத்தில் சில மாதங்கள் பணியாற்றி விலகினார். பின்னர் வெசுட்டிங்கவுசு நிறுவனம் இவரது காப்புரிமைகளைப் பெற்றது. 1896இல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது.

தெஸ்லா சுருளும் அதன் தாங்கியும்

1891இல் உருவாக்கிய இக்கருவியில் இரு கம்பிச் சுருள்கள் ஒத்ததிர்வில் இயங்கி மிக உயர் மின்னழுத்தத்தைத் தருகின்றன. இதைத் தாங்கும் சட்டத்தை இரும்பில் செய்தல் ஆகாது. சுருளருகே மூடிய உலோக வளையம் இருப்பின் அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு ஆற்றல் வீணாகும். மின்பொறியும் அதன்மீது பாயும். எனவே உலர்ந்த மரமோ நெகிழியோ வேண்டும். ஈர மரம் மின்னைக் கடத்திவிடும். உச்சியில் கனமான உலோக வளையம் அமர்வதால் அடிப்பலகை அகலமாக இல்லையெனில் கருவி சாயும். வீட்டில் செய்வோர் பிவிசி குழாயில் கம்பி சுற்றுவதும் இக்காரணங்களாலேயே. இதன் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது.

தெஸ்லாவும் மரத்தையே நாடினார். 1899இல் கொலராடோ இசுபிரிங்சில் சுமார் 15 மீட்டர் விட்டமுள்ள வட்ட மரவேலியின் மீது முதன்மைச் சுருளைச் சுற்றினார்.

வார்டன்கிளிஃப் கோபுரம்

கம்பியின்றிச் செய்தியும் மின்னாற்றலும் அனுப்பும் நோக்கில் 1901இல் லாங் தீவில் பணி தொடங்கிற்று. எண்கோண மரச்சட்டக் கோபுரம் சுமார் 57 மீட்டர் உயர்ந்தது. அதன் உச்சிக் கவிகையின் எடை மட்டும் 55 டன். கோபுரத்தின் கீழே ஆழமான சுரங்கக் கிணறும் தோண்டப்பட்டது. வங்கியாளர் மார்கன் 1,50,000 டாலர் அளித்தார். மார்க்கோனி அதே ஆண்டு திசம்பரில், இதைவிடக் குறைந்த செலவில், அத்திலாந்திக்கின் குறுக்கே குறிகை பெற்றதாக அறிவித்தார். மேலும் பணம் தர மார்கன் மறுத்துவிட்டார், பணி முடங்கியது.

ஒற்றர்களுக்கு அஞ்சி அரசே கோபுரத்தைத் தகர்த்தது என்னும் கதை பலராலும் நம்பப்படுவதுண்டு. உண்மையில், தெஸ்லா தங்கியிருந்த விடுதிக்குச் செலுத்த வேண்டிய கடனுக்காக நிலம் 1915இல் கைமாறியது. 1917இல் கோபுரம் பழம்பொருள் விலைக்காக இடிக்கப்பட்டது.

இறுதிக்காலம்

கடனும் தனிமையும் சூழ, நியூயார்க் விடுதி அறையொன்றில் காலமானார். 1960இல் காந்தப் பாய அடர்த்தியின் அலகுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது. வார்டன்கிளிஃபில் எஞ்சிய செங்கல் ஆய்வகத்தைப் பொதுமக்களின் நன்கொடையால் 2013இல் ஓர் அறிவியல் அமைப்பு வாங்கியது.