தேடும் நேரத்தை மிச்சப்படுத்திய கணக்கு வாத்தியார்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் பழைய சாலையில் சிறுசேரி இருக்கிறது. செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் பல உண்டு. புதிதாக வேலைக்கு வரும் வாலிபர்களுக்கு ஒரு தொல்லை வரும். லட்சக்கணக்கான விவரங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒன்றைக் கேட்டால் வர நேரமாகும். மெஷின் போதாது என்று நினைப்பார்கள். பல சமயம் குறை மெஷினில் இல்லை. அடுக்கி வைத்த முறையில் இருக்கிறது!

இந்த உண்மையைப் புத்தகங்களை வைத்து உலகுக்குக் காட்டியவர் ஒரு தமிழர். அவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன்.

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை பிடிக்கவில்லை. பழைய இடத்துக்கே திரும்ப விரும்பினார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யும்படி அதிகாரிகள் கூறினார்கள்.

போனார். மனம் மாறியது. அங்கே ஒரு கடையில் விளையாட்டுச் சாமான் பார்த்தார். சில துண்டுகள், சில திருகாணிகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ பொம்மைகள் செய்யலாம். புத்தகங்களுக்கும் இப்படிக் குறிகளைப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

மாமல்லபுரச் சிற்பம் பற்றிய புத்தகம் வேண்டுமா? சிற்பத்துக்கு ஒரு குறி, ஊருக்கு ஒரு குறி, காலத்துக்கு ஒரு குறி. சேர்த்துப் படித்தால் அலமாரியில் இடம் தெரியும். எல்லாப் புத்தகத்தையும் புரட்ட வேண்டாம். இந்தக் கோலன் பகுப்பு முறை 1933-ல் வெளியாயிற்று.

அதற்கு முன்பே, 1931-ல், நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். வாசகர் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நாலாவது விதி. அவர் உழைப்பால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. செங்கற்பட்டு உள்படப் பல மாவட்டங்களுக்கும் அதனால் நூலகக் குழு கிடைத்தது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். அட்டவணை இருந்தால் விவரம் சட்டென்று வரும். ஆனால் அளவு வேண்டும். புதுப் புத்தகம் வரும்போதெல்லாம் அட்டவணையிலும் எழுத வேண்டும் அல்லவா? அட்டவணைகள் பெருகினால் எழுதும் வேலையும் பெருகும். ஆகவே தாமதம் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். அடிக்கடி கேட்பதற்கு மட்டும் அட்டவணை போட வேண்டும்.

ரங்கநாதன் தாம் சேமித்த பணத்தில் ஒரு லட்ச ரூபாயை நூலகக் கல்விக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1972-ல் பெங்களூரில் காலமானார். வேண்டாம் என்று விட நினைத்த வேலைதான் அவருக்கு அழியாப் புகழ் தந்தது!