வானேறிய தபால் பை: ஜே.ஆர்.டி. டாடா

வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் கடிதங்களை விமானத்தில் ஏற்றித் தெற்கே கொண்டு செல்ல அனுமதி கேட்டு, டாடா நிறுவனம் பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் வாசலில் மூன்று ஆண்டுகள் காத்து நின்றது. 1929இல் கேட்டார்கள், 1932இல்தான் கிடைத்தது. ஜே.ஆர்.டி. டாடாவின் வாழ்க்கையை எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் விமானம் பறந்த நாளையே கொண்டாடுவார்கள். எனக்கோ அதற்கு முந்தைய அந்த மூன்று ஆண்டுகள்தாம் அதிகச் சுவையாகப்பட்டன. ஆகவே, நண்பர்களே, இக்கட்டுரை அங்கேயே சற்று அதிக நேரம் தங்கிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பண்டார் தெங்காராவில் வளர்ந்தவன். ஜொகூரின் உட்பகுதியில், செம்பனைக்கு நடுவே, கெஜோரா வாரியம் உருவாக்கிய சிற்றூர் அது. கழகத்தின் ஆண்டிதழுக்கு டாடாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், தமிழரல்லாத ஒரு பார்சி தொழிலதிபருக்கு இங்கே என்ன வேலை என்று தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவருடைய முதல் விமானத் தடத்தின் தென்கோடி சென்னை என்பதே என் பதில். 1938இல் அத்தடம் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. தமிழர் ஊர்களுக்கு வான்வழித் தபாலை முதலில் ஒழுங்காகக் கொண்டு வந்தவர்களைப் பற்றித் தமிழ் இதழில் எழுதுவதில் தவறில்லை அல்லவா?

ஜே.ஆர்.டி. 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பாரிஸில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாடா. தாயார் சூசன் பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்சின் வடகடற்கரையில் அவர்கள் கோடையைக் கழித்த இடத்திற்கு அருகில்தான் லூயி பிளேரியோவின் வீடும் இருந்தது. ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர் அவர். அந்தக் கடற்கரை மணலில் விமானங்கள் வந்திறங்குவதைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு, பதினைந்தாம் வயதில் ஒருமுறை ஏறிப் பறக்கும் வாய்ப்பும் கிட்டியது. 1929 பிப்ரவரியில் இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாம் எண் விமானி உரிமம் அவருடையது.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து புறப்பட்டார், ஆஸ்பி இன்ஜினியர் என்ற இளைஞர் எதிர்த்திசையில் வந்தார். எகிப்தின் அபுகீரில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். ஜே.ஆர்.டி. தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது!

இனி அனுமதிக் கதைக்கு வருவோம். 1929இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனிலிருந்து கராச்சி வரை தபால் கொண்டு வரத் தொடங்கியது. அத்தனை தூரம் பறந்து வந்த கடிதம், கராச்சியில் இறங்கியதும் இரயிலேறிவிடும். பம்பாய்க்கும் சென்னைக்கும் போய்ச் சேர மேலும் பல நாள்கள். இந்த இடைவெளியை முதலில் கண்டுகொண்டவர் ஜே.ஆர்.டி. அல்லர், நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப் படை வீரர். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். கராச்சியிலிருந்து அகமதாபாத், பம்பாய் வழியாகச் சென்னைக்கு ஒரு தபால் விமானம் என்ற திட்டத்தோடு அவர் டாடா நிறுவனத்தை அணுகினார். ஜே.ஆர்.டி.க்கு அப்போது இருபத்து நான்கு வயது. நிறுவனத் தலைவர் தொராப்ஜி டாடாவுக்கோ இதில் ஆர்வமே இல்லை. ஜே.ஆர்.டி.யின் வழிகாட்டியான ஜான் பீட்டர்சன் பேசித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார். போட வேண்டிய முதல் ஏறக்குறைய இரண்டு இலட்சம் ரூபாய்.

வீட்டுச் சம்மதம் கிடைத்துவிட்டது. நாட்டுச் சம்மதம் கிடைக்கவில்லை. முதலில் அனுப்பிய திட்டத்தில் அரசாங்கத்திடம் மானியம் கேட்டிருந்தார்கள். அன்று உலகில் பல விமான நிறுவனங்கள் மானியத்தை நம்பித்தான் பறந்தன. ஆகவே அது பேராசையும் அன்று. அரசாங்கமோ மறுத்தது. விமானப் போக்குவரத்தைத் தானே நடத்தலாமா என்ற யோசனை ஒரு பக்கம். உலகப் பொருளாதார மந்தத்தால் கருவூலம் வறண்டது மறுபக்கம். திட்டம் திருத்தப்பட்டது, மீண்டும் போனது, மீண்டும் திரும்பியது. இறுதியில் அவர்கள் மானியமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எவ்வளவு எடைத் தபாலை ஏற்றுகிறோமோ அதற்குரிய கட்டணம் மட்டும் போதும். நட்டம் வந்தால் அது எங்களுடையது. அரசாங்கத்திற்கு இழப்பதற்கு எதுவுமே இல்லாத நிலை வந்த பிறகுதான், 1932 ஏப்ரலில் பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. சுருங்கச் சொன்னால், அனுமதியின் விலையை விண்ணப்பித்தவர்களே முழுவதும் கட்டினார்கள். இதைப் பெருந்தன்மை என்று பாராட்டுவதா, வேறு வழியில்லாமை என்று சொல்வதா? எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது. தொராப்ஜி அதே ஆண்டு ஜூனில் காலமானார். விமானம் பறந்ததை அவர் பார்க்கவில்லை.

1932 அக்டோபர் 15ஆம் நாள் காலை, ஒற்றை இயந்திரம் கொண்ட பஸ் மாத் விமானத்தில் தபால் பைகளோடு ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். வானொலித் தொடர்பு கிடையாது. அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பிற்பகலில் பம்பாயின் ஜுகு திடலில் இறங்கினார். அங்கிருந்து சென்னைத் தபாலை வின்சென்ட் எடுத்துக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை சேர்ந்தார். ஜுகுவில் இவர்களுக்கு இருந்தது ஓர் ஓலைக் கொட்டகைதான். மழைக்காலத்தில் திடல் கடல்நீரும் சேறுமாகிவிடும். அப்போது சேவையைப் புனேவுக்கு மாற்றிக்கொள்வார்கள். 1933இல், முதல் முழு ஆண்டில், பத்து டன்னுக்கு மேல் தபாலும் 155 பயணிகளும் சென்றனர். தபால்தான் முதன்மை, மனிதர்கள் பைகளுக்கு நடுவே இடமிருந்தால் ஏறிக்கொண்டவர்கள்.

மலாயாவுக்கு வான்தபால் வந்த கதையும் இதே காலத்ததுதான். இம்பீரியல் ஏர்வேஸின் கிழக்குத் தடம் 1933 டிசம்பரில் சிங்கப்பூரை எட்டியது. ஆனால் நம் தோட்டத்து மக்களின் கடிதங்கள் அதன் பின்னும் நெடுங்காலம் கப்பலில்தான் போய் வந்தன. என் தாத்தாவின் தகரப் பெட்டியில் ஊர்க் கடிதங்கள் இரண்டு கட்டுகளாக இருந்தன. பழுப்புக் காகிதக் கட்டு கப்பலில் வந்தது. மெல்லிய நீலநிற வான்கடிதக் கட்டு விமானத்தில் வந்தது. சாவுச் செய்திகளெல்லாம் நீலக் கட்டில்தான் இருந்தன. கப்பல் கடிதம் வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிடும் என்று பாட்டி சொல்வார்.

வின்சென்ட் 1942இல் போர்க்கால விமானப் பயணம் ஒன்றில் மாண்டார். நண்பரை இழந்த ஜே.ஆர்.டி. அப்போது டாடா குழுமத்தின் தலைவர். 1946இல் டாடா ஏர்லைன்ஸ் பொது நிறுவனமாகி ஏர் இந்தியா என்று பெயர் பெற்றது. அடுத்து அவர் கேட்டது வெளிநாட்டுச் சேவைக்கு அனுமதி. 1947இல், நாடு விடுதலை பெற்ற சில மாதங்களுக்குள், புதிய அரசிடம் திட்டம் போனது. அரசுக்கு 49 விழுக்காடு, டாடாவுக்கு 25 விழுக்காடு, மீதி பொதுமக்களுக்கு. பிரிவினையின் இரத்தமும் அகதிகளின் கூட்டமுமாக இருந்த டில்லியில் இதை யார் படிப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? சில வாரங்களிலேயே ஒப்புதல் வந்துவிட்டது! 1948 ஜூன் 8ஆம் நாள், மலபார் பிரின்சஸ் என்ற கான்ஸ்டெல்லேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. ஜே.ஆர்.டி.யும் அதில் இருந்தார். 1954இல் சிங்கப்பூருக்கும் சேவை வந்தது.

அந்த மலபார் பிரின்சஸ் 1950 நவம்பர் 3ஆம் நாள் பிரான்சின் மோன் பிளாங்க் மலையில் மோதியது. அதிலிருந்த 48 பேரும் இறந்தனர். அதன் தபால் பனிக்குள் புதைந்து போனது. 2012இல், உருகிய பனியாற்றின் ஓரத்தில் கண்டெடுக்கப்பட்ட இந்திய அரசின் தபால் பையோ, 1966இல் அதே மலையில் மோதிய மற்றோர் ஏர் இந்தியா விமானத்தினுடையது.

ஒரு முரணையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுமதிக்காக மூன்று ஆண்டுகள் அலைந்த அதே ஜே.ஆர்.டி., போருக்குப் பின் அரசாங்கம் பல புதிய நிறுவனங்களுக்கு விமான உரிமம் கொடுத்தபோது கடுமையாக எதிர்த்தார். பயணிகள் எண்ணிக்கைக்கு இத்தனை நிறுவனங்கள் தாங்காது என்பது அவருடைய வாதம். உள்ளே இருப்பவர் கதவைச் சாத்தச் சொல்கிறார் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. பல நிறுவனங்கள் நட்டத்தில் தள்ளாடின. அதையே காரணமாகக் காட்டி, 1953இல் அரசு விமானத் துறையை நாட்டுடைமையாக்கியது; அவர் வளர்த்த நிறுவனமும் சேர்ந்தே போனது. எதிர்த்தவரையே அரசு ஏர் இந்தியாவின் தலைவராக இருக்கக் கேட்டது, அவரும் இருந்தார். 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு அப்பதவியிலிருந்து அவரை நீக்கியது. ஏர் இந்தியா மீண்டும் டாடா குழுமத்திடம் வந்தது 2022 ஜனவரியில். அதைக் காண அவர் இல்லை. 1992இல் பாரத ரத்னா விருது பெற்று, 1993 நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் அவர் மறைந்தார்.

முதல் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளான 1982 அக்டோபர் 15 அன்று, அவர் அதே தடத்தில் மீண்டும் ஒருமுறை பறந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. பழைய லெப்பர்ட் மாத் விமானம் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சீர் செய்திருந்தார்கள். 1932இல் கராச்சியும் பம்பாயும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1982இல் நடுவே ஒரு நாட்டின் எல்லை இருந்தது. எனவே இம்முறை இரண்டு அரசாங்கங்களின் அனுமதி வேண்டியிருந்தது. இரண்டுமே கிடைத்தன. தாமே ஓட்டிக்கொண்டு, அகமதாபாத்தில் இறங்கி ஏறி, மாலைக்குள் ஜுகு வந்து சேர்ந்தார்.