19 டாலருக்கு ஒரு ஸ்கோப்: சாமானியர்களின் ரைஃபிளுக்குக் 'கண்' கொடுத்த பில் வீவர் யார்?

பப்ஜி ஆடியவர்களுக்கு 4எக்ஸ் ஸ்கோப் கையில் கிடைத்தால் வரும் சந்தோஷம் தெரியும். நிஜ உலகத்தில் அந்த ஸ்கோப் ஒரு காலத்தில் பணக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்தது. அதைச் சாதாரண விவசாயியும் தொழிலாளியும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ரால்ஃப் வீவர். சுருக்கமாக, பில் வீவர்.

துப்பாக்கி ரெயில், மவுன்ட் என்று தேடினாலே 'வீவர்' என்ற பெயர் வந்து நிற்கும். அது இவருடைய பெயர்தான். ஆனால் கைத்துப்பாக்கி சுடுபவர்கள் சொல்லும் 'வீவர் ஸ்டான்ஸ்' வேறு ஒருவருடையது. அவர் ஜாக் வீவர், லாஸ் ஏஞ்சல்ஸில் ஷெரிஃப் துறையில் இருந்தவர். இரண்டு பேரையும் குழப்பிக்காதீங்க.

1905-ல் பிறந்தவர் பில் வீவர். 1930-ல், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் நகரில் தன் முதல் ஸ்கோப்பை உருவாக்கினார். அப்போது வயது 24. அந்த நேரத்தைக் கவனிக்கணும். முந்தைய வருஷம்தான் பங்குச்சந்தை சரிந்து, பெருமந்தம் தொடங்கியிருந்தது. வேலையே போய்க்கொண்டிருந்த நாட்டில் ஒரு இளைஞர் ஸ்கோப் கம்பெனி ஆரம்பிக்கிறார்!

ஸ்கோப் என்பது அவர் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே நீள நீளமான குழல் ஸ்கோப்கள் இருந்தன. ஜெர்மனியில் தரமான வேட்டை ஸ்கோப்கள் வந்தன. பிரச்சினை விலைதான். ஸ்கோப்பை வாங்கினாலும், அதைத் துப்பாக்கியில் பொருத்த ஒரு கைதேர்ந்த ஆளுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். அதனால் பெரும்பாலான வேட்டைக்காரர்கள் குழலின் மேல் இருக்கும் சாதாரண சைட்டை வைத்தே குறி பார்த்தார்கள்.

வீவரின் '3-30' மாடல், மவுன்ட்டோடு சேர்த்து 19 டாலர். இங்கேதான் அவருடைய சாமர்த்தியம். எதை விட்டால் விலை குறையும், எதை விட்டால் குறி தப்பும் என்று பிரித்துப் பார்த்தார். குழல் முக்கால் அங்குலம்தான், அதாவது 19 மில்லிமீட்டர். உருப்பெருக்கம் 3 மடங்குக்கும் கொஞ்சம் குறைவு. இப்போ 3-9, 4-16 என்று ஜூம் ஸ்கோப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது 'இவ்வளவுதானா?' என்று தோன்றும்.

ஆனால் காட்டில் மான் நிற்கப்போவது பெரும்பாலும் 100 மீட்டர் சுற்றளவில். உருப்பெருக்கம் குறைவாக இருந்தால் காட்சி அகலமாகத் தெரியும், ஓடும் விலங்கைச் சட்டென்று பிடிக்கலாம். வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4x32 ஸ்கோப்பில் அது 8 மில்லிமீட்டர். அதே 32 லென்ஸை 12 மடங்குக்கு இழுத்தால் 2.7 மில்லிமீட்டர்தான். சாயங்கால வெளிச்சத்தில் இரண்டாவது ஸ்கோப் கிட்டத்தட்ட இருட்டு. மலிவான ஸ்கோப்பில் பெரிய எண் எழுதியிருந்தால் ஏன் யோசிக்கணும் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

1933-ல் கம்பெனியை டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவுக்கு மாற்றினார் வீவர். அடுத்த பத்து வருஷத்துக்குள் அவருடைய வேட்டை ஸ்கோப் போருக்கே போய்விட்டது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு ஸ்னைப்பர் ரைஃபிள் அவசரமாகத் தேவைப்பட்டது. முதலில் விரும்பியது லைமன் கம்பெனியின் 'அலாஸ்கன்' ஸ்கோப்பை. லென்ஸ் தட்டுப்பாட்டால் அது போதிய அளவில் கிடைக்கவில்லை. கடையில் விற்றுக்கொண்டிருந்த வீவர் 330சி-யை எடுத்து, 'எம்73பி1' என்று ராணுவப் பெயர் வைத்தார்கள். எம்1903ஏ4 ரைஃபிளில் அது ஏறியது. 1943 முதல் 28,000-க்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் தயாராகின.

அந்த ரைஃபிளில் ஒரு சிக்கல். ஸ்கோப் மவுன்ட் வைப்பதற்காக, சாதாரண சைட்டுகளையே எடுத்துவிட்டார்கள். வார இறுதி வேட்டைக்காகச் செய்த ஸ்கோப்புக்கு மழை, சேறு, ஈரப்பதத்தைத் தாங்கும் அளவுக்கு அடைப்பு இல்லை. உள்ளே பனி படிந்தால் சிப்பாய்க்கு எதுவும் தெரியாது. மாற்று சைட்டும் கிடையாது. வேட்டைக்காரருக்கு அது ஒரு மான் தப்பிய கதை. சிப்பாய்க்கு உயிர். இதில் வீவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 19 டாலர் பொருள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ, அதற்கு அது சரியாகவே இருந்தது.

போர் முடிந்ததும் 1947-ல் 'கே' வரிசை வந்தது. ஒரு அங்குல ஸ்டீல் குழல், முன்பைவிட நல்ல லென்ஸ். கே4 என்றால் 4 மடங்கு, கே6 என்றால் 6. பேரிலேயே விஷயம் முடிந்தது. வேட்டைக்கு கே2.5, கே4, இலக்கு சுடுதலுக்குப் பெரிய எண்கள். அமெரிக்காவில் அப்பாவின் துப்பாக்கி, தாத்தாவின் துப்பாக்கி என்று பேச்சு வந்தால், அதன் மேல் ஒரு கே4 இருந்ததாகச் சொல்பவர்கள் ஏராளம்.

1968-ல் கம்பெனியை ஓலின் நிறுவனத்துக்கு விற்றார். 1975-ல் காலமானார்.

சரி, இந்தியாவில் இருப்பவருக்கு இதில் என்ன? 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளிலும் ஸ்கோப் அனுமதி இல்லை. மிச்சம், ஏர் ரைஃபிளில் பொழுதுபோக்காக இலக்கு சுடுபவர்கள். ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள் பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் உதைக்கும். பெரிய துப்பாக்கியைத் தாங்கும் ஸ்கோப்கூட இதில் உடையலாம். ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததா என்று பார்த்து வாங்கணும். சாதாரண வேட்டை ஸ்கோப்கள் பெரும்பாலும் 100 கஜத்துக்கு அமைக்கப்பட்டவை. 10 மீட்டரில் படம் மங்கும், கண் அசைந்தால் குறியும் நகரும். தூரத்தை மாற்றும் வளையம் இருக்கிறதா பாருங்கள்.

மவுன்ட் வாங்கும்போதும் வீவர் குறுக்கே வருவார். வீவர் ரெயிலின் பள்ளம் சுமார் 4.57 மில்லிமீட்டர் அகலம். அதிலிருந்து வளர்ந்த ராணுவ 'பிகாடினி' ரெயிலில் அது 5.23. வீவர் அளவு மவுன்ட் பொதுவாகப் பிகாடினியில் உட்காரும். பிகாடினி மவுன்ட் வீவர் ரெயிலில் பல நேரம் உட்காராது. ஆர்டர் போடும் முன் உங்கள் ரைஃபிளில் எது இருக்கிறது என்று ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.