பனிமலைப் பள்ளத்தாக்கில் அறிஞர் சோமா

திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து காட்டினூடே செல்லும் நடைவழி அகத்தியர்கூடத்திற்கு ஏறுகின்றது. 1,868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் தமிழர் போற்றும் பொதிய மலையின் முடியாகும். ஏழாம் நூற்றாண்டில் பாரத நாட்டிற்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தென்னாட்டில் மலய மலைக்குக் கிழக்கே பொதலகம் என்னும் மலை உண்டென்றும், அஃது அவலோகிதேசுவரர் உறையும் இடமென்றும் கேட்டறிந்து எழுதி வைத்தார். அப்பொதலகம் நம் பொதியிலே என்பது ஆய்வாளர் சிலரின் துணிபு. பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரரும், அகத்தியர் அவலோகிதரிடத்தில் தமிழ் கேட்டார் என்னும் பௌத்த மரபைப் பாயிரத்தில் குறித்துள்ளார். திபெத்து நாட்டு லாசா நகரில் 1645இல் கட்டத் தொடங்கப்பெற்ற பொதாலா அரண்மனை தன் பெயரைப் பெற்றது இப்பொதலகத்திலிருந்தேயாம். அந்த லாசாவை நோக்கிப் புறப்பட்டு, அதனைக் காணாமலே வழியில் உயிர் நீத்த ஓர் அறிஞரின் வரலாற்றை அன்பர்கள் அறிதல் நலம்.

அவர் பெயர் அலெக்சாண்டர் சோமா. அங்கேரிய இனத்தவர். 1784ஆம் ஆண்டில் திரான்சில்வேனியாவைச் சார்ந்த கோரோசு என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். நாகியெனியெது நகரத்துக் கல்லூரியில், பிறருக்கு ஊழியம் செய்தே கல்வி பயின்றார். பின்னர் செருமானிய நாட்டுக் காட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கீழ்நாட்டு மொழிகளைக் கற்றார். அங்கேரிய மக்களின் முன்னோர் ஆசியாவின் நடுப்பகுதியில் எங்கோ வாழ்ந்தனர் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. தம் இனத்தின் தாயகத்தைக் கண்டு வருவதே தம் வாழ்வின் பணி என உறுதி பூண்டார். 1819ஆம் ஆண்டின் இறுதியில், செல்வமும் துணையும் இன்றிப் புறப்பட்டார்.

எகிப்து, சிரியா, பாக்தாத், தெகரான், புகாரா, காபூல், இலாகூர், காசுமீரம் எனப் பெரும்பாலும் கால்நடையாகவே கடந்து, 1822ஆம் ஆண்டு சூன் திங்களில் இலடாக்கின் தலைநகராகிய இலே வந்தடைந்தார். அங்கிருந்து வடக்கே யார்க்கந்துக்குச் செல்லும் வழி அவருக்குக் கிட்டவில்லை. திரும்பும் வழியில், சூலைத் திங்களில், வில்லியம் மூர்க்கிராப்டு என்னும் ஆங்கிலேயரைச் சந்தித்தார். மூர்க்கிராப்டு அவருக்கு உரோமாபுரியில் 1762இல் அச்சான திபெத்து மொழி நூல் ஒன்றை அளித்தார். ஆங்கிலேயருக்குத் திபெத்து மொழி அறிந்தவர் தேவைப்பட்டனர். சோமாவுக்கோ தம் இனத்தின் பழமையைத் திபெத்து ஏடுகள் உரைக்கும் என்னும் நம்பிக்கை. இவ்வாறு இருவேறு நோக்கங்கள் ஒன்றுகூடின.

1823ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் சன்ஸ்கார் பள்ளத்தாக்கிலுள்ள சங்லா என்னும் ஊரை அடைந்தார். அங்கே சங்கே புந்த்சொக் என்னும் இலாமா அவருக்கு ஆசிரியரானார். இவர் மருத்துவமும் சோதிடமும் தரும நூல்களும் கற்ற பெரும் புலவர். ஒன்பதடிச் சதுரமுள்ள ஓர் அறையில் இருவரும் அமர்ந்தனர். குளிர்காலத்தில் வெப்பம் உறைநிலைக்கு மிகக் கீழே இறங்கியது. அறையில் தீ மூட்டவும் இயலவில்லை. இரவில் விளக்கும் இல்லை. ஆட்டுத்தோல் போர்வைக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு, ஏட்டின் பக்கத்தைப் புரட்டும்பொழுது மட்டும் ஒரு கையை வெளியே நீட்டிப் படித்தனர். ஏறத்தாழப் பதினாறு திங்கள் இவ்வாறு கழிந்தன.

ஆங்குத்தான் திபெத்து மொழியின் பெருஞ்செல்வம் அவர் கண்முன் திறந்தது. புத்த பகவானின் திருவாய்மொழியாகப் போற்றப்படும் கஞ்சூர் 100 ஏட்டுத் தொகுதிகளும், ஆசாரியர்களின் உரைகளும் சாத்திரங்களும் அடங்கிய தஞ்சூர் 225 தொகுதிகளும் அம்மொழியில் உள்ளன. இவற்றுட் பெரும்பகுதி வடமொழியினின்று பெயர்க்கப்பட்டவை. மூலங்கள் பல பாரத நாட்டில் மறைந்தொழிந்தன. பெயர்ப்போ பனிமலைகளுக்கு அப்பால் பாதுகாக்கப்பட்டது. நம் குண்டலகேசி சில பாடல்களாகவே எஞ்சி நிற்பதை அறிந்த நமக்கு, நூலைக் காத்தவர்களின் அருமை எளிதில் விளங்கும்.

1824ஆம் ஆண்டின் இறுதியில் சோமா மலையிறங்கிச் சபாத்து என்னும் எல்லைப்புறப் பாளையத்துக்கு வந்தார். ஆங்கிலேய அதிகாரிகள் அவரை ஐயுற்றுத் தடுத்து வைத்தனர். தம் வரலாறு முழுவதையும் எழுதிக் கொடுத்தபின், அரசாங்கம் திங்கள்தோறும் 50 ரூபாய் வழங்க இசைந்தது. திபெத்து மொழிக்கு இலக்கணமும் அகராதியும் இயற்றித் தருதல் அவர் ஏற்ற கடமை.

1825ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், கோடை முடியும் தறுவாயில், மீண்டும் சன்ஸ்காரை அடைந்தார். வாற்கோதுமைக் கதிர்கள் முற்றி அறுவடைக்கு நிற்கும் காலம் அது. பனியுருகிய நீரால் ஆறுகள் பெருகியோட, அவற்றின்மேல் மரமிலாறுகளை முறுக்கிய கயிற்றுப் பாலங்கள் தொங்கும். இக்குறுகிய பருவத்தில் சேர்த்த தானியமும் எரிபொருளுமே பின்வரும் நீண்ட குளிர்காலத்தைக் கடக்க உதவும். கணவாய்களைப் பனி மூடிவிட்டால் வெளியுலகத் தொடர்பு அற்றுப்போகும். அத்தகைய வேளையில் பிறர் ஊர் திரும்பும் வழியைத் தேடுவர். சோமாவோ உள்ளே நுழைந்தார். செங்குத்தான பாறைக் குகையின் வாயிலில் தேன்கூடு போல் அமைந்த புக்தல் விகாரையில் தங்கி நூலாய்ந்தார். அவர் அங்கு வாழ்ந்ததைக் குறிக்கும் கல்வெட்டொன்று அவ்விகாரையில் உளது.

ஆயினும் இம்முறை முயற்சி முற்றும் கைகூடவில்லை. ஆசிரியர் முன்போல் கருத்தூன்றிக் கற்பிக்கவில்லை. குறைபட்ட பணியுடன் 1827ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் திரும்ப நேர்ந்தது. மனம் தளர்ந்து ஊர் திரும்பியிருந்தால் குற்றம் சொல்வார் இல்லை. அவரோ மேலும் காலம் வேண்டிப் பெற்று, கின்னௌர் நாட்டுக் கானம் விகாரைக்குச் சென்றார். அதே ஆசிரியரையும் அங்கு வருவித்தார். தாம் பெற்ற 50 ரூபாயில் பாதியை ஆசிரியருக்கே அளித்தார். ஒருமுறை தவறிய ஆசிரியரை இகழாது, மீண்டும் அவர் அடியில் அமர்ந்த பணிவே இவ்வறிஞரின் பெருமைக்கு அடித்தளம். மூன்றாண்டுகளில், 1830இல், பணி நிறைவெய்தியது.

1834ஆம் ஆண்டு கல்கத்தாவில் திபெத்து-ஆங்கில அகராதியும் இலக்கணமும் அச்சேறின. கஞ்சூரின் பொருளடக்கத்தை விரித்துரைக்கும் அவருடைய கட்டுரை ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் 1836இல் வந்தது. மேனாட்டார் திபெத்து வழியாகப் பௌத்தத்தை அறிவதற்கு இவை வாயில் திறந்தன. 1837 முதல் ஆசியக் கழகத்தின் நூலகப் பணி ஏற்றார். நூற்பெட்டிகள் நான்கு புறமும் சூழ, தரையிற் பாய் விரித்துத் துயின்று, சோறும் தேநீருமே உணவாகக் கொண்டு வாழ்ந்தார்.

1842ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் ஐம்பத்தேழாம் வயதில், லாசா செல்லப் புறப்பட்டார். இமயத்தின் அடிவாரமாகிய தெராய்க் காட்டில் கடுங்காய்ச்சல் பற்றியது. தார்ச்சிலிங்கு சேர்ந்து, ஏப்ரல் 11ஆம் நாள் உயிர் நீத்தார். நான்கு பெட்டி நூல்களும் சில ஆடைகளுமே அவர் உடைமை. அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. 1933ஆம் ஆண்டில் தோக்கியோவின் தைசோ பௌத்தப் பல்கலைக்கழகம் அவரைப் போதிசத்துவராகப் போற்றிச் சிறப்பித்தது.

சோமா பௌத்தராக மாறியவர் அல்லர். பிறந்த கிறித்தவ சமயத்திலேயே இறுதிவரை நின்றவர். தேடிச் சென்ற முன்னோரின் நாட்டையும் அவர் கண்டாரில்லை. இரத்தத்தின் வழியே தாயகம் தேடியவர் கையில், இனமும் குலமும் பாராது எவர்க்கும் உரிய அறம் வந்து சேர்ந்தது. அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது உலகிற்கு வழங்கினார். நம்மவர் பலர், நம் முன்னோர் பௌத்தரே என்று நிறுவுவதில் ஊக்கம் கொள்கின்றனர். அவ்வாராய்ச்சி தக்கதே. ஆயினும் முன்னோர் பௌத்தராயிருந்தமையால் மட்டும் நாம் தருமத்தை அறிந்தவராகோம். விளக்கில்லாத அறையில் குளிரில் நடுங்கி ஓர் அயலார் கற்ற நூல்களை, விளக்கொளியில் வசதியாக அமர்ந்து நாம் நாள்தோறும் ஒரு பக்கமேனும் கற்போமாக. பொதிய மலையை நினைக்குந்தோறும், அதன் பெயர் தாங்கிய பொதாலாவை நோக்கி நடந்து வழியிலே வீழ்ந்த அப்பெருமகனையும் நன்றியுடன் நினைப்போமாக.